செல்லாயி வாங்கிக்கொண்ட காப்பு

செல்லாயி சீனியைப் பெறவில்லை. அவன் அவளுக்குக் கூடப்பிறந்தவனும் இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கூலிகளுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்கப் பினாங்கில் ஒரு முகாமில் அடைத்துவைப்பார்கள். கொரண்டின் என்று அதற்குப் பேர். அங்கேதான் அவன் அவளுக்குக் கிடைத்தான். அவளுக்கு அப்போது பத்து வயசு இருக்கும், அவன் நடை பழகி முடித்த பிள்ளை. கப்பலில் அவனைப் பெற்றவள் தலை தூக்க முடியாமல் வாந்தியெடுத்துக் கிடந்தாள். "செத்த நேரம் வெச்சிரு ஆயி" என்று பிள்ளையைச் செல்லாயியின் இடுப்பில் ஏற்றிவிட்டாள். முகாமில் இறங்கிய கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு அவள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இடுப்பை விட்டு இறங்கவில்லை. உன் பேர் என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் அது, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த சீனியைத்தான் கேட்டது. அதுவே பேராகிவிட்டது.

"இதைக் கொண்டுபோயி என்னடி பண்ணுவ?" என்று கேட்டார் செல்லாயியின் அப்பா.

"வளப்பேன்."

"ஆட்டுக்குட்டியாடி இது, வளக்கிறதுக்கு?"

கேட்டாரே தவிர, கோலா கங்சாருக்குப் போகும் லோரியில் ஏறும்போது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டவர் அவர்தான்.

ரப்பர் தோட்டத்தில் செல்லாயி பால்வெட்டுக்காரியானாள். அப்பா காலமானார். பிச்சைமுத்து என்கிற, வாய் பேசாத, சிரிப்பு மட்டும் பேசும் ஆளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. அது ஒரு குறை என்று யாராவது சொல்ல வந்தால், "அதான் வரும்போதே ஒண்ணைக் கொண்டாந்துட்டேனே" என்பாள்.

சீனி வளர்ந்தான். தோட்டத்து எல்லையில் ஓடும் ஆற்றில் எந்தப் பாறைக்கடியில் கெளுத்தி கிடக்கும் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த பையன்களோடு அவர்கள் பேச்சில் சண்டை போடுவான். ஈயச் சுரங்கத்துச் சீனர்களிடம் கற்றுக்கொண்ட வசவுகளை அர்த்தம் தெரியாமலே அருமையாகச் சொல்லுவான். இந்தியா என்பது அவனுக்கு அக்கா எப்போதாவது சொல்லும் ஒரு சொல். அக்காவுக்கே அதில் பெரிதாக ஒன்றும் ஞாபகமில்லை. ஆழமான ஒரு கிணறும் தாகமும், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை தன் நாயைக்கூட அவிழ்த்துவிடாமல் காரேறி ஓடினார். பால்வெட்டு நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. பிறகு ஒரு நாள் லோரி வந்தது. சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள், மூன்று மாச வேலை, நல்ல சம்பளம், வீட்டுக்கு அரிசி என்றார்கள். பிச்சைமுத்து சிரித்துக்கொண்டே ஏறினான். மூன்று மாசம் போய் எத்தனையோ மூன்று மாசம் ஆயிற்று. அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை, அரிசியும் வரவில்லை. தைப்பிங் ஸ்டேசன் பக்கம் போய்வந்தவர்கள், சாமான் பெட்டிகளில் ஆட்களை அடைத்து வடக்கே கொண்டுபோவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். போகிற ரயிலைப் பார்த்தவர்கள் உண்டு. ஆள் திரும்பி வந்த ரயிலைப் பார்த்தவர் எவரும் இல்லை.

ஆடி பிறக்கப்போகும் நேரத்தில் தண்டல் மாயாண்டி காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் களத்தில், எல்லாரையும் நிறுத்திச் சொன்னான். தண்டல் என்றால் வேலையாட்களை மேய்க்கிறவன். முன்பு துரைக்காக மேய்த்தான், இப்போது ஜப்பான்காரனுக்கு.

"கலியாணம் ஆகாத எளவட்டம் எல்லாம் தயாரா இருக்கணும். அடுத்த வாரம் லோரி வருது."

"எங்க தண்டலய்யா?" என்று கேட்டான் சீனி.

"சயாமுக்கு. வேற எங்க, சம்பந்தி வீட்டுக்கா?"

"சயாம்ல எனக்கு என்ன வேலை? நான் இந்த ஊர்க்காரன்லா."

மாயாண்டி அம்மைத் தழும்பு போட்ட முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நானும் அதான் சொன்னேன். நீங்க யாரும் இந்த ஊர்க்காரங்க இல்லையாம். வெள்ளைக்காரன் வேலைக்குக் கொண்டாந்த ஆளுங்களாம். இங்க வேலை இல்லைன்னா வேலை இருக்கற எடத்துக்குப் போவணுமாம். அவன் சொல்றான், நான் என்ன பண்ண?"

செல்லாயி அன்று கிழங்கு தோண்டப் போகவில்லை. நேரே மாரியம்மன் கோவிலுக்குப் போனாள். பூசாரி சன்னாசி வெறும் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊற்ற எண்ணெய் இல்லை.

"பூசாரியண்ணே, ஆடி வருது. காப்புக் கட்டுங்க."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எண்ணெய் இல்ல, அரிசி இல்ல, வெட்ட ஆடு இல்ல. திருவிழாவாம்."

"அம்மா நம்மகிட்ட ஆடு கேட்டாளா? கெழங்குக் கஞ்சி ஊத்துவோம். நம்ம குடிக்கல? சீனிக்குக் காப்புக் கட்டுங்கண்ணே. கரகம் அவன் எடுக்கட்டும்."

சன்னாசி விளக்கைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் கிழங்கைக் கோத்த கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை அந்த ஆள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அம்மனின் கோபம் அவனோடு நிற்காது, அவனுடைய வீட்டையே முத்துப் போட்டு வாரிக்கொண்டு போகும். இது எல்லாருக்கும் தெரியும். மாயாண்டிக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு பெண்பிள்ளைகளை அம்மைக்குக் கொடுத்தவன் அவன்.

லோரி வந்த அன்று சீனியின் கையில் மட்டுமல்ல, லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை எளவட்டங்களின் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. ஒரு தாய் பார்த்து மறு தாய், அவளைப் பார்த்து இன்னொருத்தி என்று சன்னாசியிடம் வரிசை கட்டிவிட்டார்கள். மாயாண்டி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனான். அவன் முகம் கறுத்தது, வெளுத்தது. பிறகு லோரிக்காரனிடம் போய் மலாயில் ஏதோ சொன்னான். லோரி அடுத்த தோட்டத்துக்குப் போயிற்று.

"திருவிழா எப்ப முடியும்?" என்று மட்டும் சன்னாசியிடம் கேட்டான்.

"அம்மா எப்ப உத்தரவு குடுக்கறாளோ அப்ப."

உத்தரவு கேட்பது பூக் கேட்டுத்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. இலையில் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் கரகத்தை ஆற்றில் விட்டுக் காப்பை அவிழ்க்கலாம். சிவப்பு வந்தால் அம்மன் இன்னும் இருக்கச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

முதல் வெள்ளிக்கிழமை சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளியும் சிவப்பு. அதற்கடுத்த வெள்ளியும்.

பூப் பறித்துப் பொட்டலம் கட்டுகிறவள் செல்லாயி. இரண்டிலும் செம்பரத்தம்பூதான் வைத்தாள். "தாயே, நீ கோவிச்சுக்கிட்டா என்னை எடுத்துக்கோ. அவன் ஒண்ணும் அறியாதவன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கட்டுவாள். சன்னாசி அந்த நேரத்தில் மட்டும் வேறு பக்கம் திரும்பி எதையாவது தேடுவார். பக்கத்து வீட்டு இருளாயிக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"ஏடி செல்லாயி, அம்மாளுக்கு உங்க வீட்டுச் செம்பரத்தம்பூ மேல அம்புட்டு ஆசையா? ஒவ்வொரு வாரமும் அதையே கேக்குறா?"

"உன் மகன் கையிலயும்தான் கயிறு கெடக்கு. வாயை மூடு."

"நான் என்ன சொன்னேன்? நல்ல செடின்னுதானே சொன்னேன். எனக்கும் ஒரு கெளை குடு, நட்டு வைக்கிறேன்."

எண்ணெய் இல்லாத, மேளம் இல்லாத திருவிழா இப்படி வாரம் வாரமாக நீண்டது. எளவட்டங்கள் எல்லையான ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே மீன் பிடித்தார்கள், கிழங்கு தோண்டினார்கள். சாயங்காலம் கோவில் வாசலில் சீனி கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவான். முதலில் வேடிக்கைக்கு ஆடினவன், போகப் போகக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினான். அவன் விளையாட்டை விட்டுவிட்டதைச் செல்லாயி கவனித்தாள். கொஞ்சம் பயந்தாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாயாண்டி கோவிலுக்கு வந்தான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். பூ எடுக்க வந்த பிள்ளையை ஓரமாக நிறுத்திவிட்டு, "நான் எடுக்கறேன்" என்றான்.

ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்பு. அவன் கண் மற்ற பொட்டலத்துக்குப் போயிற்று, கையும் போயிற்று. செல்லாயி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவன் அதை எடுத்தான்; பிரிக்காமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான்; பிறகு கருவறைக்குள் அம்மனின் மடியிலேயே போட்டுவிட்டான்.

"அம்மா சொல்லிட்டா" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி.

வெளியே வந்ததும் செல்லாயியை ஓரமாகக் கூப்பிட்டான்.

"இந்தா புள்ள, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கு லோரியைத் திருப்பி அனுப்பினேன்ல, என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல. கையில மஞ்சக் கயிறு கட்டுனவங்க எல்லாம் நல்ல ஒடம்புக்காரங்க, திருவிழா முடிஞ்சதும் வந்துருவாங்கன்னு சொல்லித் தொலைச்சேன். இப்ப ஜப்பான்காரனுங்களுக்குப் பொறுமை போச்சு. வர்ற வெள்ளிக்கிழமை அவனுங்களே வரானுங்க. அவனுங்களுக்கு மாரியும் தெரியாது, பூவும் தெரியாது. மஞ்சக் கயிறு மட்டும் தெரியும்."

எதைக் கட்டிச் சீனியைக் காப்பாற்றினோம் என்று செல்லாயி நினைத்தாளோ, அதையே அடையாளம் காட்டி ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள். எல்லையைத் தாண்டி ஓடாமல் அவர்களையெல்லாம் ஒரே இடத்தில் பிடித்து வைத்திருந்ததும் அவள்தான்.

ஈப்போவில், சிலிபின் பக்கம், பிச்சைமுத்துவின் கூட்டாளி பத்துமலை என்பவன் மாட்டு வண்டிகள் வைத்திருந்தான். அவன் வண்டிகள்தான் ஜப்பான்காரர்களின் சமையல் கொட்டகைக்கு விறகு போட்டன. அங்கே விறகு பிளக்கிறவனைச் சயாமுக்கு ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் அவர்கள் சோறு வேகாது. வாரத்தில் ஒரு நாள் பத்துமலை காட்டு விறகு எடுக்கப் பாலத்தைத் தாண்டியுள்ள ரோட்டுக்கு வருவான். அதற்குள் சீனியை அனுப்பிவிட வேண்டும். மற்ற வீடுகளுக்கும் சொந்தக்காரர்கள், கம்பத்துச் சிநேகிதர்கள் என்று ஏதோ ஒரு போக்கு இருந்தது.

எல்லாம் சரிதான், சீனி மாட்டேன் என்றான்.

"காப்போட எல்லை தாண்ட மாட்டேன்க்கா."

"கழட்டிட்டுப் போ."

"திருவிழா முடியாமலா? நான் தாண்டினா முத்து எனக்கா போடும்? உனக்குப் போடும். நீதானே சொல்லிக் குடுத்த."

"சீனி, அந்தப் பூ..." என்று ஆரம்பித்தவள் அவன் கையிலிருந்த காப்பைத் தொட்டாள். "ரெண்டுலயும் சிவப்பு வெச்சவ நான்."

அவன் அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் குரல் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "அப்ப இன்னும் அம்மாகிட்ட யாரும் கேக்கவே இல்லையா?"

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். உச்சி நேரம், மழை பிடித்துக்கொண்டது.

"பூசாரியண்ணே, இவன் காப்பை எனக்குக் கட்டுங்க."

சன்னாசி தாடியைச் சொறிந்தார். "அப்படி ஒரு வழக்கம் இருக்குதான். காப்புக் கட்டினவனுக்கு முடியாமப்போனா அவன் வீட்டு ஆளு வாங்கிக்கலாம். ஆனா அண்ணன் தம்பி, ஆத்தா மகன்னு ரத்த உறவா இருக்கணும் புள்ள. அம்மா முன்னாடி மொறை சொல்லிக் கேக்கணும். பூவுல பண்ணுன மாதிரி இதுல நான் திரும்பி நிக்க முடியாது." நிறுத்தி, மெதுவாகக் கேட்டார். "சொல்லு, அவன் உனக்கு என்ன மொறை?"

தம்பி என்று சொல்லியிருக்கலாம். ஊரே அப்படித்தான் நினைத்துப் பழகியிருந்தது. ஆனால் ஏற்கெனவே இத்தனை வாரம் ஏமாற்றிய அம்மன் முகத்துக்கு நேரே இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"மொறை தெரியாதுண்ணே" என்றாள். "இவனைப் பெத்தவ செத்த நேரம் வெச்சிருன்னு குடுத்தா. வாங்கிக்க வரல. நான் இன்னும் வெச்சிருக்கேன். இதுக்கு என்ன மொறையோ, அந்த மொறை."

சீனி தலையைக் குனிந்துகொண்டான். சன்னாசி அம்மனையும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். அந்தக் கயிற்றை அப்படியே செல்லாயியின் கையில் சுற்றினார்.

"இனி எல்லை உனக்கு. அவன் போலாம்."

பாலம்வரை கூடப் போனாள். வண்டி அந்தப் பக்கம் விறகோடு நின்றது. சீனி ஏறவில்லை, நின்றான்.

"எப்ப வரட்டும்?"

"நான் கூப்பிடுறப்ப."

"நீதான் இதுக்கு மேல வர முடியாதே. எப்படிக் கூப்பிடுவ?"

"கத்துவேன். என் தொண்டை உனக்குத் தெரியாதா?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. பத்துமலைதான் அவனைச் சட்டையைப் பிடித்து விறகின் மேல் ஏற்றினான். "ஏறு மச்சான், மாடு நனையுது."

இருளாயி அன்று சாயங்காலமே மகனின் காப்பைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. காப்பு கழன்ற எளவட்டங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பாலத்தைத் தாண்டினார்கள். வெள்ளிக்கிழமை ராணுவ லோரி வந்து நின்றபோது பெரட்டுக் களத்தில் மஞ்சள் கயிறு கட்டின கைகள் எல்லாம் இருந்தன. எல்லாம் வளையல் போட்ட கைகள். தாய்மார்கள், அக்காமார்கள், பல் போன ஒரு கிழவி. சிப்பாய் ஒருவன் மாயாண்டியைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான், மறுபடி மாயாண்டியைப் பார்த்தான்.

"நல்ல ஒடம்புக்காரங்கதான் எல்லாம்" என்று இருளாயி முணுமுணுத்தாள். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

மாயாண்டிக்கு விழுந்த அறை லயம்வரை கேட்டது. லோரி வெறுமனே திரும்பாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனையே ஏறச் சொன்னார்கள். உதட்டு ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, செல்லாயி நின்ற இடத்தைத் தாண்டும்போது அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்காக ஒரு தடவை வெள்ளப் பூ வையி தாயி. நான் திரும்பி வரணும்."

அவள் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரு பொட்டலத்தில் இரண்டு வெள்ளைப் பூ கட்டி, உத்தரவு எதுவும் கேட்காமல், வெறுமனே அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தாள். அவனுக்காக ஒன்று, பிச்சைமுத்துவுக்காக ஒன்று. அதற்கப்புறம் பூக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். கேட்டால் உண்மையாகக் கேட்க வேண்டும். வெள்ளை வந்து திருவிழா முடிந்து, எளவட்டங்கள் எங்கே என்று ஜப்பான்காரன் கேட்டால் என்ன செய்வது? காப்புக் கட்டின பெண்கள் யாரும் பாலத்தைத் தாண்டவில்லை. சீனிக்கு மலேரியா வந்து கிடந்ததாகப் பத்துமலை வந்து சொன்ன வாரத்தில், செல்லாயி பாலத்தின் முதல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கிழங்கு தோண்டாத நேரமெல்லாம் அங்கேயே கிடந்தாள். பத்துமலை மறுவாரம் வந்து, "சோறு கேக்குறான், அப்ப பொழைச்சிட்டான்லா" என்று சொன்ன பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற சேதி வந்து, அது பொய்யில்லை என்று நிச்சயமானதும் சீனி வந்தான். நடந்தே பாலத்தைத் தாண்டி வந்தான். தோள் அகன்றிருந்தது, குரல் மாறியிருந்தது. சயாமுக்குப் போனவர்களில் மாயாண்டி வரவில்லை. பிச்சைமுத்துவும் வரவில்லை. அவர்களைப் பற்றிச் செல்லாயி எதுவும் கேட்கவில்லை. சீனியும் சிலிபினில் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அவளைக் கூட்டிப்போக வந்திருந்தான். வண்டிப் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, கறிவேப்பிலைச் செடிகூட வைத்திருக்கிறேன் என்றான்.

"வரேன். திருவிழா முடியட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை சன்னாசி பூக்களை எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இருளாயியின் பேத்தி எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

இருளாயி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவளைத் தொட்டு எல்லாருக்கும் சிரிப்பு. செல்லாயிக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

"அக்கா" என்று சீனி அவள் காதோரம் குனிந்தான். "அடுத்த வாரம் ரெண்டையும் வெள்ளையா வெச்சிட்டா போலாம்லா."

"செருப்பு பிஞ்சிரும். இனிமே அவளா குடுத்தாத்தான்."

"குடுக்கலைன்னா?"

"நீ போயிட்டு வா. உனக்கு வேலை இருக்கு."

சீனி பாலத்தின் பக்கம் பார்த்தான். அவர்களை ஏற்றிப்போக வந்த பத்துமலை வண்டியைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தான். சீனி அங்கிருந்தே கையைத் தூக்கி, போ போ என்று ஆட்டினான். பிறகு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "மம்பட்டி எங்கக்கா வெச்சிருக்க? ராத்திரிக்குக் கெழங்கு தோண்ட வேணாமா?" என்றான்.